ஹார்மோன் ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மனம் உடைகிறது: எங்கே தேடுவது?

#1 கயல்_ஆலோசகர்

வணக்கம். மாதவிடாய்க்கு முன் வரும் கடும் மனநிலைக் கோளாறு (பி.எம்.டி.டி.) பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. ஆலோசனைக்கு வரும் பெண்களில் பலர் கையில் ஒரு ஃபைலோடு வருகிறார்கள். எஃப்.எஸ்.எச்., எல்.எச்., புரோலாக்டின், ஏ.எம்.எச்., 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். "அப்படின்னா இது என் மனப்பிரமையா மேடம்?" என்பதுதான் அடுத்த கேள்வி.

கையேட்டில் "ஹார்மோன் இம்பேலன்ஸ்" என்று எழுதலாமா? மூளையில் என்ன நடக்கிறது என்பதைப் பத்தாம் வகுப்பு படித்தவருக்குப் புரியும்படி, ஆனால் தப்பில்லாமல் எப்படிச் சொல்வது? நாட்குறிப்பு வைக்கச் சொல்கிறோம், ஆனால் அதை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று தமிழில் எங்குமே தெளிவாக இல்லை. தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 மூளைத்தண்டு

"இம்பேலன்ஸ்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்தான் எல்லாரையும் லேப் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதில் அடிப்படையான ஆய்வு 1998இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ குழுவினர் செய்தது. லியூப்ரோலைடு ஊசி போட்டுச் சினைப்பையின் வேலையை முழுதாக நிறுத்தினார்கள். மாதவிடாய்க்கு முன் மனம் குலைந்துபோகும் பெண்களில் பலருக்கு அந்தத் தொல்லை விலகியது. பிறகு அதே பெண்களுக்கு எஸ்ட்ராடயாலையோ புரோஜெஸ்டிரோனையோ வெளியிலிருந்து கொடுத்தபோது தொல்லை திரும்பி வந்தது. இதே ஊசியையும் இதே ஹார்மோனையும், இந்தத் தொல்லை இல்லாத பெண்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக, இரண்டு குழுவுக்கும் ஹார்மோன் ஒன்றே, அளவும் ஒன்றே. அதை வாங்கிக்கொள்ளும் மூளைதான் வேறு. ரத்தத்தில் அளந்தால் நார்மல் என்று வருவதில் ஆச்சரியமே இல்லை. கோளாறு ரத்தத்தில் இல்லை. "மனப்பிரமையா?" என்று கேட்பவருக்கு இந்த ஆய்வை அப்படியே சொல்லுங்கள். வேறு ஆறுதல் தேவைப்படாது.

இப்போது மூளைக்குள் நடப்பது. கருமுட்டை வெளிவந்த பிறகு அது இருந்த இடத்தில் உண்டாகும் மஞ்சள் நிறத் திரள்தான் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. மாதச் சுழற்சியின் முதல் பாதியில் மில்லி லிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் கீழே கிடந்த புரோஜெஸ்டிரோன், இரண்டாம் பாதியின் நடுவில் 5 முதல் 20 வரை ஏறும். அதில் ஒரு பகுதியை, 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் முதலிய இரண்டு நொதிகள் அடுத்தடுத்துப் பிடித்து அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. இந்த மாற்றம் மூளைக்குள்ளேயும் நடக்கிறது.

மூளையில் வேகத்தைக் குறைக்கும் முக்கியமான நரம்புக்கடத்தி காபா. காபா வந்து ஒட்டும் 'ஏ' வகை ஏற்பி, ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளை விட்ட மாதிரி இருக்கும். காபா ஒட்டினால் துளை திறந்து குளோரைடு உள்ளே போகும், நரம்பணு அடங்கும். அலோபிரெக்னனலோன் அதே ஏற்பியில் வேறொரு இடத்தில் ஒட்டி, துளை திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுகிறது. தூக்க மாத்திரை, மது இரண்டும் வேலை செய்வது இதே ஏற்பியில்தான். புரோஜெஸ்டிரோனுக்கு மயக்கும் தன்மை உண்டு என்று ஹான்ஸ் செல்யே எலிகளில் 1941லேயே காட்டிவிட்டார். காரணம் புரிந்தது 1986இல், மரியா மயேவ்ஸ்கா குழுவினரின் ஆய்வில்.

அப்படியானால் இரண்டாம் பாதியில் எல்லாரும் அமைதியாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கேதான் சிக்கல். அந்த ஐந்து துண்டுகள் நிலையானவை அல்ல. புரோஜெஸ்டிரோன் ஏறி இறங்குவதற்கு ஏற்ப நரம்பணு அவற்றை மாற்றிப் பூட்டிக்கொள்கிறது. எலிகளில் புரோஜெஸ்டிரோனைத் திடீரென்று நிறுத்தினால் ஆல்ஃபா-4 என்ற துண்டு கூடுகிறது, கூடவே பதற்றமும் கூடுகிறது. பெரும்பாலான பெண்களில் இந்த மாற்றிப் பூட்டல் ஹார்மோனின் வேகத்தோடு ஒத்துப்போகிறது. பி.எம்.டி.டி. உள்ளவர்களில் ஒத்துப்போவதில்லை. சுவீடனின் ஊமியோ பல்கலைக்கழகத்தில் டோர்ப்யோர்ன் பேக்ஸ்ட்ரோம் குழு இன்னொன்றையும் காட்டியது: இந்தப் பொருள் மிகக் குறைவாக இருந்தாலும் தொல்லை இல்லை, மிக அதிகமானால் தூக்கம்தான் வரும், மாதச் சுழற்சியின் இரண்டாம் பாதியில் இருக்கும் நடுத்தர அளவில்தான் சிலருக்கு எரிச்சலும் கோபமும் கிளம்புகின்றன. மது கொஞ்சம் உள்ளே போனதும் சிலர் சண்டைக்கு நிற்பது போல.

#3 கிராமத்து_டாக்டர்

நல்ல விளக்கம். ஆனால் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. மாதவிடாய்க்கு முன் புரோஜெஸ்டிரோன் விழுகிறது, மனமும் விழுகிறது. அப்படியானால் அந்த 10, 12 நாள் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்து, விழாமல் தாங்கிப் பிடித்தால் போதுமே? பல ஆண்டுகளாக நடைமுறையில் இருப்பதும் அதுதான். 21ஆம் நாள் அளவு கொஞ்சம் குறைவாக வந்தால் நானே எழுதிக் கொடுப்பேன்.

#4 மகப்பேறு_மங்கை

சார், நம்மில் பலர் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தோம். ஆனால் சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. புரோஜெஸ்டிரோன், புரோஜெஸ்டின் இரண்டையும் பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2001இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த அலசல், குறிப்பிடும்படியான பலன் இல்லை என்றுதான் சொன்னது. காரணம் மூளைத்தண்டு எழுதியதிலேயே இருக்கிறது. நோய்க்குறி தொடங்குவது புரோஜெஸ்டிரோன் விழுந்த பிறகு அல்ல. பலருக்கு அது உச்சத்தில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் மேலும் கொடுத்தால் சிலருக்கு எரிகிற அடுப்பில் விறகு வைத்தது போல ஆகும்.

21ஆம் நாள் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். புரோஜெஸ்டிரோன் ஒரே சீராக வருவதில்லை, அலை அலையாகச் சுரக்கிறது. ஒரே நாளில் இரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு ரத்த மாதிரிகள் வெகுவாக வேறுபடலாம். அதோடு 21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கு மட்டுமே பொருந்தும். 34 நாள் சுழற்சி உள்ளவருக்கு அந்த நாளில்தான் கருமுட்டையே வெளிவந்திருக்கும். அவர் ரிப்போர்ட் "குறைவு" என்றுதான் வரும். அந்தச் சோதனை கருமுட்டை வெளிவந்ததா என்று பார்க்க உதவும், மனநிலையைப் பற்றி எதுவும் சொல்லாது.

கையேட்டில் தனியாக ஒரு பத்தி ஒதுக்க வேண்டிய விஷயம்: புரோஜெஸ்டிரோன் வேறு, புரோஜெஸ்டின் வேறு. இயற்கை வடிவிலான மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனை வாய்வழி எடுத்தால் கல்லீரலைக் கடக்கும்போதே நிறைய அலோபிரெக்னனலோனாக மாறும். அதனால்தான் தலைசுற்றலும் தூக்கமும். இரவு படுக்கும் முன் போடச் சொல்வதும் அதற்காகத்தான். அதே மருந்தைப் பிறப்புறுப்பு வழியாக வைத்தால் இந்த விளைவு குறைவு. மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், நோர்எதிஸ்டிரோன், லெவோநார்ஜெஸ்ட்ரல் எல்லாம் செயற்கைப் புரோஜெஸ்டின்கள். இவை அலோபிரெக்னனலோனாக மாறுவதில்லை. "புரோஜெஸ்டிரோன் மாத்திரை ஒத்துக்கலை" என்று ஒருவர் சொன்னால், எந்த மாத்திரை, எந்த வழியில் என்று கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

#5 ஊதா_பேனா

நாட்குறிப்புப் பகுதியை நான் எழுதுகிறேன். இது சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

நினைவிலிருந்து சொல்வதை நம்பக் கூடாது. "மாசா மாசம் டேட்டுக்கு முன்னாடி இப்படித்தான்" என்று உறுதியாகச் சொல்பவர்களில் கணிசமானோருக்கு, தினமும் எழுதிப் பார்த்தால் மாதம் முழுக்கவே தொல்லை இருப்பது தெரியும். அதனால்தான் 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 நோயறிதல் கையேடு, குறைந்தது இரண்டு சுழற்சி அன்றன்றைக்கே எழுதிய பதிவைக் கேட்கிறது. 11 அறிகுறிகளில் 5 இருக்க வேண்டும். அந்த 5இல் ஒன்றாவது மனநிலை ஊசலாட்டம், எரிச்சல் அல்லது கோபம், சோர்ந்த மனம், பதற்றம் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும்.

எழுதும் முறை: தினமும் இரவு, ஒரே நேரத்தில், ஒவ்வோர் அறிகுறிக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் துளியும் இல்லை, 4 என்றால் மிதமான தொல்லை, 6 என்றால் உச்சம். வேலை, வீடு, உறவு மூன்றிலும் எவ்வளவு பாதித்தது என்பதற்கும் இதேபோல் மதிப்பெண் போடுங்கள். விட்டுப்போன நாளை மறுநாள் யோசித்து நிரப்ப வேண்டாம், காலியாக விடுங்கள். முந்தைய நாள் போட்ட எண்ணைப் பார்க்காமல் போடுவது நல்லது.

நாட்களை எண்ணுவதில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. ரத்தப்போக்கு தொடங்கிய நாள் 1. லேசாகக் கறை பட்டதெல்லாம் 1 அல்ல. அதற்கு முந்தைய நாள் −1. பூஜ்ஜியம் என்று ஒரு நாள் கிடையாது. ஒப்பிட வேண்டியது இரண்டு வாரங்களை: −7 முதல் −1 வரை, பிறகு 4 முதல் 10 வரை. 1, 2, 3ஆம் நாட்களை எந்தப் பக்கமும் சேர்க்கக் கூடாது. அன்று வயிற்றுவலியும் ரத்தப்போக்கும் கணக்கைக் குழப்பும்.

எடுத்துக்காட்டுக்கு எரிச்சல் என்ற ஒரு வரியை மட்டும் பார்ப்போம்.

முதல் பெண். −7 முதல் −1 வரை: 2, 3, 4, 5, 5, 6, 5. கூட்டினால் 30, சராசரி 4.3. நாள் 4 முதல் 10 வரை: 2, 1, 1, 1, 2, 1, 1. கூட்டினால் 9, சராசரி 1.3. வித்தியாசம் 3. இதை அவர் போட்ட உச்ச மதிப்பெண்ணிலிருந்து 1 கழித்து வரும் எண்ணால், அதாவது 5ஆல் வகுக்கவும். 60 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மாற்றம் கணக்கில் வரும். அடுத்து, முந்தைய வாரத்தில் 4 அல்லது அதற்கு மேல் குறைந்தது இரண்டு நாள் இருக்கிறதா? ஐந்து நாள் இருக்கிறது. கடைசியாக, பிந்தைய வாரத்தில் எந்த நாளாவது 3ஐத் தாண்டியதா? இல்லை. இந்த வரி தேறிவிட்டது.

இரண்டாம் பெண். முன் வாரம்: 5, 5, 6, 5, 6, 6, 5. சராசரி 5.4. பின் வாரம்: 4, 4, 3, 4, 4, 3, 4. சராசரி 3.7. வித்தியாசம் 1.7, 5ஆல் வகுத்தால் 34 சதவீதம். 30ஐத் தாண்டிவிட்டது, ஆனால் பின் வாரத்தில் 4 என்று ஐந்து நாள். அதாவது இவருக்குத் தெளிந்த வாரமே இல்லை. இது பி.எம்.டி.டி. அல்ல, ஏற்கெனவே உள்ள ஏதோ ஒரு நோய், மாதவிடாய் நெருங்கும்போது கூடுகிறது. மனச்சோர்வாக இருக்கலாம், பதற்ற நோயாகவோ தைராய்டாகவோ இருக்கலாம். இவருக்கு மாதத்தில் 14 நாள் மட்டும் மருந்து கொடுத்தால் மீதி 14 நாள் கைவிட்டது போலாகும்.

சரிவின் உயரத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது தெளிந்த வாரத்தை.

#6 வைகைக்கரை

ஊதா பேனா சொன்ன இரண்டாம் பெண்தான் மனநலப் பிரிவில் அதிகம் தவறவிடப்படுபவர். அவருக்கு டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பாருங்கள். ரத்தப் பரிசோதனைக்கு இந்த விஷயத்தில் உள்ள உண்மையான வேலை இதுதான், எஸ்ட்ரோஜன் அளப்பது அல்ல. இருதுருவ நோய் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். தூக்கமே தேவைப்படாமல் நாலைந்து நாள் அளவுக்கு மீறிய உற்சாகம், கைக்கு மீறிய செலவு, பேச்சில் வேகம் இப்படி எப்போதாவது இருந்ததா? இருந்தால் மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகத் தொடங்கக் கூடாது. மனம் மறுபக்கம் பாய்ந்துவிடும்.

இனி, மனநிலையோடு தொடர்புள்ள இன்னொரு நரம்புக்கடத்தியான செரட்டோனின். மூளைத்தண்டு காபாவோடு நிறுத்திவிட்டார், ஆனால் இது இரண்டு கால் நடை. எஸ்ட்ரோஜன், செரட்டோனினைத் தயாரிக்கும் நொதியைக் கூட்டும் என்பது குரங்குகளில் காட்டப்பட்டிருக்கிறது. செரட்டோனினை உடைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ நொதியை எஸ்ட்ரோஜன் கட்டுப்படுத்தியும் வைக்கும். எஸ்ட்ரோஜன் விழும்போது இந்த இரண்டு பிடியும் தளர்கின்றன. பி.எம்.டி.டி. உள்ளவர்களில் மாதவிடாய்க்கு முன், செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதம் நடுமூளையில் கூடுவதை, ஜூலியா சாக்கர் குழுவினர் பெட் ஸ்கேனில் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்துகள் தடுப்பது அதே புரதத்தைத்தான். சாதாரண மனச்சோர்வில் இவை வேலை செய்ய 3, 4 வாரம் ஆகும். பி.எம்.டி.டி.யில் ஓரிரு நாளிலேயே பலன் தெரிகிறது. அதனால்தான் மாதம் முழுக்கப் போடாமல் பாதி மாதம் மட்டும் போடும் முறையே சாத்தியமாகிறது.

நடைமுறை அளவுகள்: ஃப்ளூவாக்ஸெட்டின் 20 மி.கி., செர்ட்ராலின் 50இல் தொடங்கித் தேவைப்பட்டால் 100 அல்லது 150, எஸ்சிடலோப்ராம் 10 முதல் 20. பாதி மாத முறையில், அடுத்த மாதவிடாய் எதிர்பார்க்கும் நாளுக்கு 14 நாள் முன்பு தொடங்கி, ரத்தப்போக்கு வந்த முதல் அல்லது இரண்டாம் நாள் நிறுத்த வேண்டும். 28 நாள் சுழற்சிக்கு அது 15ஆம் நாள். 32 நாள் என்றால் 19ஆம் நாள். சுழற்சி ஒழுங்கில்லாதவர்கள், நாள் மறந்துவிடுபவர்கள், தெளிந்த வாரமே இல்லாதவர்கள் தினமும் போடுவதுதான் பாதுகாப்பு.

தோல்வி என்று எழுதுவதற்கு முன் இரண்டு, மூன்று சுழற்சி கொடுங்கள், கூடவே நாட்குறிப்பையும் தொடருங்கள். சுமார் 10 பேரில் 6, 7 பேருக்குப் பலன் கிடைக்கும். முதல் வாரக் குமட்டலுக்கு, சாப்பிட்ட பிறகு போட்டால் போதும். பாலுறவு நாட்டம் குறைவதை நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுபவருக்கு பராக்ஸெட்டின் தொடங்க வேண்டாம்.

அல்ப்ரசோலம் என்ற பதற்ற மாத்திரை பற்றி: அந்த வாரம் மட்டும்தானே என்று பழக்கப்படுத்தாதீர்கள். அதுவும் அதே காபா ஏற்பியில்தான் போய் உட்காருகிறது, விடுவது கடினம்.

இன்னொன்றைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த வாரத்தில் "செத்துப்போகலாம்" என்ற எண்ணம் வருவது பி.எம்.டி.டி.யின் ஒரு பகுதி, அது அபூர்வமும் அல்ல. "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று வீட்டார் விடக் கூடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

#7 மருந்துச்சீட்டு

கவுன்ட்டரில் நின்று பார்த்தால் தெரியும், இந்த நோயில் ஒரே பெண்ணுக்கு இரண்டு டாக்டர் சீட்டு இருக்கும். மகப்பேறு டாக்டர் ஒன்று, மனநல டாக்டர் ஒன்று. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. மோதும் ஜோடிகள்:

வலிப்புக்கும் இருதுருவ நோய்க்கும் கொடுக்கும் லாமோட்ரிஜினும் எஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும். எஸ்ட்ரோஜன் லாமோட்ரிஜினை வேகமாக வெளியேற்றி, ரத்த அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். வலிப்பு திரும்பலாம், இருதுருவ நோய் கிளம்பலாம். மாத்திரை இல்லாத இடைவெளி வாரத்தில் அளவு மறுபடி ஏறி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை வரும். ஒவ்வொரு மாதமும் அதே வாரத்தில் வருவதால் இதையே "ஹார்மோன் தொல்லை" என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். நாட்குறிப்பில் மாத்திரை அட்டையின் நாளையும் எழுதச் சொல்லுங்கள்.

வலிப்புக்கான கார்பமஸெப்பின், ஃபெனிட்டாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின்: இவை கருத்தடை மாத்திரையையே செயலிழக்கச் செய்யும்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ.யும் மாதவிடாய் வலிக்கான மெஃபெனமிக் அமிலமும்: இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஓரிரு நாள், சாப்பாட்டுக்குப் பின் என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அல்சர் இருந்தால் பாராசிட்டமால்.

அதிக ரத்தப்போக்குக்கான டிரானெக்ஸாமிக் அமிலத்தை எஸ்ட்ரோஜன் மாத்திரையோடு சேர்க்கவே கூடாது. ரத்தம் உறையும்.

மார்பகப் புற்றுக்கு டமாக்ஸிஃபென் எடுப்பவருக்கு பராக்ஸெட்டினும் ஃப்ளூவாக்ஸெட்டினும் வேண்டாம். டமாக்ஸிஃபெனைச் செயல்படும் வடிவமாக மாற்றும் கல்லீரல் நொதியை இவை அடைத்துவிடும்.

கால்சியம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1998இல் 466 பெண்களிடம் நடந்த சோதனையில், தினம் 1,200 மி.கி. கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாம் சுழற்சியில் அறிகுறிகள் 48 சதவீதம் குறைந்தன. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 30 சதவீதம். லேசான தொல்லைக்கு முயன்று பார்க்கலாம், கடும் பி.எம்.டி.டி.க்கு இது மட்டும் போதாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது, சாப்பாட்டில் வருவதைக் கழித்துக்கொண்டு மாத்திரை போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் 4 மணி நேரம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் 2 மணி நேரம் விட வேண்டும். காலையில் மூன்றையும் ஒரே வாயில் போட்டால் தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்தும் சரியாக உறிஞ்சப்படாது. பி6 வைட்டமின் நாளுக்கு 100 மி.கி.யைத் தாண்ட வேண்டாம். அதிகமானால் கை கால் மரத்துப்போகும்.

#8 கயல்_ஆலோசகர்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, கருத்தடை மாத்திரையே சிகிச்சை என்கிறார்கள், அதுவே மனச்சோர்வு தரும் என்றும் சொல்கிறார்கள். எது சரி? இரண்டு, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் இதே கதைதானா?

#9 மகப்பேறு_மங்கை

இரண்டும் சரி. டென்மார்க்கில் 15 முதல் 34 வயது வரையுள்ள 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. மாத்திரை எடுக்காதவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் 1.7 பேர் முதன்முறையாக மனச்சோர்வு மருந்து தொடங்கினார்கள். ஹார்மோன் கருத்தடை எடுப்பவர்களில் 2.2. வித்தியாசம் சிறிது, ஆனால் 20 வயதுக்குக் கீழே அது பெரிதாகிறது. ஆகவே 16, 17 வயதுப் பெண்ணுக்கு எழுதும்போது அவள் மனநிலையை மூன்று மாதம் கூடவே கவனிக்க வேண்டும்.

பி.எம்.டி.டி.க்கு எல்லா மாத்திரையும் உதவாது. அமெரிக்காவில் 2006இல் இதற்கென்றே அனுமதி பெற்றது டிராஸ்பிரெனோன் 3 மி.கி.யும் எத்தினைல் எஸ்ட்ராடயால் 20 மைக்ரோகிராமும் சேர்ந்த மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: 24 மாத்திரையில் மருந்து, 4 வெறும் மாத்திரை. பழைய அட்டைகளில் 21, 7. அந்த 7 நாள் இடைவெளியில் சினைப்பை விழிக்கத் தொடங்கிவிடும், ஹார்மோன் மறுபடி ஊசலாடும். இடைவெளியைச் சுருக்குவதில்தான் பாதிப் பலன். 21 அட்டையும் 24 அட்டையும் ஒன்றுதானே என்று கடையில் மாற்றிக் கொடுத்தால் சிகிச்சையே கெட்டுவிடும். ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் தெரிபவர், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர், ரத்தக்கட்டு வந்தவர், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர் ஆகியோருக்கு எஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது. டிராஸ்பிரெனோன் பொட்டாசியத்தை ஏற்றும், சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் தவிர்க்க வேண்டும்.

பிரசவம் பற்றி மூளைத்தண்டு எழுதட்டும். ஒன்று மட்டும்: குழந்தை பிறந்த 3ஆம், 4ஆம் நாள் காரணமில்லாமல் அழுவது பெரும்பாலான தாய்மாருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதற்கு மேல் நீடித்தால் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளைக் கேளுங்கள், தமிழ் வடிவம் இருக்கிறது. மொத்த மதிப்பெண் குறைவாக வந்தாலும் பத்தாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள். அது தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கிறது. தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால் அது மனச்சோர்வு அல்ல, பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு. 1,000 பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. "காத்து கருப்பு" என்று மந்திரிக்கப் போகும் இரண்டு நாளில் உயிர் போன வீடுகள் உண்டு.

#10 மூளைத்தண்டு

கதை ஒன்றுதான், அளவு வேறு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புரோஜெஸ்டிரோன் 100 நானோகிராமைத் தாண்டி நிற்கும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் எல்லாம் சில நாளில் தரைக்கு வரும். எஸ்ட்ராடயால் 100 மடங்குக்கும் மேல் குறைகிறது. டொரான்டோவில் சாக்கரும் ஜெஃப்ரி மேயரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமான 4 முதல் 6 நாளில் மூளையில் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ சராசரியாக 43 சதவீதம் அதிகம். அழுகை வரும் நாளும் அதுவே.

இங்கேயும் அளவு அல்ல, வாங்கும் மூளைதான். 2000இல் ஷ்மிட், ரூபினோ குழு, கர்ப்பத்தின் ஹார்மோன் நிலையை மருந்தால் உண்டாக்கிச் சட்டென்று நிறுத்தியது. முன்பு பிரசவ மனச்சோர்வு வந்த 8 பேரில் 5 பேருக்கு மனம் சரிந்தது. வராத 8 பேரில் ஒருவருக்கும் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் முடிவு பளிச்சென்று இருக்கிறது.

அலோபிரெக்னனலோனையே மருந்தாக்கினார்கள்: பிரெக்ஸனலோன், 60 மணி நேரம் சொட்டு சொட்டாக நரம்பில் ஏற்றுவது, 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2023இல் அதன் உறவான சுரனலோன் மாத்திரை: தினம் மாலை 50 மி.கி., 14 நாள், கொழுப்புள்ள உணவோடு. வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உறிஞ்சாது. போட்ட 12 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.

அப்புறம், ஆண்களையும் விட்டுவிடாதீர்கள். முடி கொட்டுவதற்கு எடுக்கும் ஃபினாஸ்டெரைடு தடுப்பது, நான் மேலே சொன்ன 5-ஆல்ஃபா ரிடக்டேஸை. ஐரோப்பிய மருந்து முகமை 2025இல், தற்கொலை எண்ணம் அதன் பக்கவிளைவு என்று உறுதிசெய்தது. அந்த மாத்திரை தொடங்கியபின் மனம் இருண்டால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

#11 கிராமத்து_டாக்டர்

புரோஜெஸ்டிரோன் விஷயத்தில் என் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறேன், மங்கை மேடம். கடைசியாக ஒன்று. எங்கள் பகுதியில் 35, 38 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். "அதை எடுத்தா இந்த மாசாந்தரத் தொல்லையும் போயிடும்" என்று சொல்லியே எடுக்கிறார்கள். போகுமா? லியூப்ரோலைடு ஊசியைச் சிகிச்சையாகவே கொடுக்கலாமா?

#12 மகப்பேறு_மங்கை

போகாது சார். கர்ப்பப்பை மட்டும் போனால் ரத்தப்போக்குதான் நிற்கும். சினைப்பை அங்கேயே இருக்கிறது, கருமுட்டையும் மாதாமாதம் வெளிவருகிறது, மூளைக்கு எந்த மாற்றமும் தெரியாது. போதாததற்கு, நாள் எண்ணுவதற்கு இருந்த ஒரே அடையாளமும் போய்விடுகிறது. அப்படி எடுத்தவருக்கு நாட்குறிப்பு வைக்க வேண்டுமானால் கருமுட்டை வெளிவரப்போவதைச் சிறுநீரில் காட்டும் எல்.எச். பட்டையைப் பயன்படுத்துங்கள். இரண்டாம் கோடு அடர்ந்து தெரிந்த நாளிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும். அதற்கு அடுத்த 14 நாளை இரண்டாம் பாதியாக எடுத்துக்கொண்டு ஒப்பிடலாம்.

லியூப்ரோலைடு, மாத்திரைகள் எதுவும் பலன் தராத கடும் நிலைக்கு மட்டும். மாதம் ஒரு முறை 3.75 மி.கி. தசையில். முதல் இரண்டு வாரம் சினைப்பையை அது தூண்டிவிட்டுப் பிறகுதான் அடக்கும். அந்த நாட்களில் தொல்லை கூடும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் ஊசிக்கு வரமாட்டார். 6 மாதத்துக்கு மேல் தனியாகக் கொடுத்தால் எலும்பு தேயும். அதனால் எஸ்ட்ராடயாலும் புரோஜெஸ்டிரோனும் சிறிதளவு, தினமும் ஒரே சீராகச் சேர்த்துக் கொடுக்கிறோம். சேர்த்த முதல் மாதம் அறிகுறி திரும்பி வரும். அங்கேதான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ஷ்மிட் குழு 2017இல் இதைத்தான் காட்டியது: ஹார்மோன் கீழிருந்து மேலே ஏறிய முதல் மாதத்தில் மனம் சரிந்தது, அதே அளவு நிலையாக நின்ற இரண்டாம், மூன்றாம் மாதங்களில் சரியவில்லை. முதல் மாதத்தைக் கூட இருந்து தாண்ட வையுங்கள். அந்த மாதம் வாரம் ஒரு முறை ஃபோனில் கேட்டாலே போதும்.